எண்ண முடியாத வடிதாள்

பிப்ரவரி 9, திங்கள்

கள ஏட்டில் டாக்டர் கையெழுத்துப் போடுவார். அதனால் அதில் நேரம், எண், பம்பின் வேகம் தவிர வேறு எதையும் எழுத முடியாது. மற்றதெல்லாம் இந்த நோட்டில்.

கொதிகலன் கதவுகளைச் சுற்றி அடைக்கிற தீப்பிடிக்காத கயிறும் துணியும் செய்யும் தொழிற்சாலை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு மணி நேரம். கல்நாரை, அதாவது ஆஸ்பெஸ்டாஸை, கொஞ்சம் பஞ்சோடு கலந்து சீவி, நூற்று, முறுக்குகிறார்கள். சீவுகிற இடத்துக்குக் கார்டிங் ஷெட் என்று பெயர். அங்கே பதினான்கு பெண்கள். ஒரு நாளில் அவர்கள் மூச்சுக்குள் எவ்வளவு இழை போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் ஆய்வு. இடுப்பில் ஒரு சின்னப் பம்பு, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் கழுத்தோரம் குத்திவிடும் திறந்த டப்பி, டப்பிக்குள் ஒரு ரூபாய்க் காசு அளவில் வெள்ளை வடிதாள். பம்பு காற்றை இழுக்கும், தூசி தாளில் படியும். அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து இழை இழையாக எண்ணுவது என் வேலை. பதினோரு வருடமாக எண்ணுகிறேன். கண்ணாடி மூன்று தரம் மாற்றியாயிற்று.

மொத்தம் ஆறே பம்பு. கிளம்பும்போது எங்கள் ஆய்வுத் தலைவர் டாக்டர் நமச்சிவாயம், "கிருபா, போன வருஷம் குவாரியில ஒண்ணைப் போட்டு உடைச்சாங்க. இந்தத் தடவை ஒண்ணு போனாலும் ஆய்வே நின்னுடும்" என்றார். ஆகவே பெண்களை வரிசையாக நிறுத்தி நன்றாகவே மிரட்டி வைத்தேன். வெளிநாட்டு மெஷின், ரொம்ப நுட்பமானது, கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும், தட்டக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, அழுக்காகக் கூடாது.

வரிசையில் முதலில் நின்றவர் மயிலாத்தாள். நாற்பத்தொன்பது வயது, இருபத்திரண்டு வருட சர்வீஸ். பம்பைக் கட்டிவிட்டதும் அதை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "வெசனப்படாதீங்க மேடம். எங்கூட்டுக் கைக்கொழந்தையாட்டம் பாத்துக்கறனுங்க" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தரம் மூச்சு வாங்கியது.

பிப்ரவரி 11, புதன்

ஜீப் டயர் பஞ்சர். வெயில். மதியச் சாப்பாடு தயிர் சாதம், அதிலும் உப்பில்லை.

பெண்கள் பம்பைச் சுமக்கும் அழகே அழகு. உட்காரும்போது கூட இடுப்பில் கை வைத்துத் தாங்கிக்கொள்கிறார்கள். குவாரி ஆண்கள் இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும். டப்பியைக் குத்தியிருக்கிற இடத்தில் முந்தானையை இழுத்து விட்டுக்கொள்கிறார்கள், கூச்சமாக இருக்கும் போல. மேஸ்திரி அடிக்கடி குறுக்கே போகிறார், நானாக இருந்தாலும் இழுத்துத்தான் விடுவேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

கடைசி நாள். ஆறு பம்பும் கீறல் இல்லாமல் திரும்பின. அப்பாடா.

பிப்ரவரி 18, புதன்

எண்ண ஆரம்பித்தேன். தாளைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை அசிட்டோன் ஆவியில் காட்டினால் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். மறு பாதி சான்றுக்காக, உள்ளே தெரிகிற மூடி போட்ட சின்ன வட்ட டப்பாவில் இருக்கும். நீளம் ஐந்து மைக்ரானுக்கு மேல், தடிமன் மூன்றுக்குள் இருந்தால்தான் இழை. அதற்கு மேல் தடித்தது எல்லாம் பருத்தி, கணக்கில் வராது.

பருத்தி நிறைய இருக்கிறது. பஞ்சு கலக்கிறார்கள்தானே, இருக்கத்தான் செய்யும். மயிலாத்தாளின் தாளில் நீலமாக ஒரு நூல் கிடந்தது. அங்கே கலக்கிற பஞ்சு வெள்ளை. நீலம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் நின்று யோசித்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது.

பிப்ரவரி 27, வெள்ளி

முடிந்தது. நாங்கள் வைத்துக்கொண்ட வரம்பு ஒரு மில்லிலிட்டர் காற்றுக்கு ஒரு இழை. கார்டிங் ஷெட்டில் கிடைத்தது 0.3. டாக்டர் முடிவு எழுதிய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கார்டிங்ல இவ்வளவு கம்மியாவா?" மறுபடி எண்ணச் சொன்னார். எண்ணினேன், அதேதான் வந்தது. என் எண்ணிக்கையில் இதுவரை யாரும் குற்றம் கண்டதில்லை, அதைச் சொல்லவும் செய்தேன். அறிக்கை அரசின் பாதுகாப்புக் குழுவுக்குப் போய்விட்டது. ஷெட்டில் தூசி உறிஞ்சும் ஏற்பாடு கட்டாயமா இல்லையா என்று மார்ச் 31-ல் அவர்கள் தீர்மானிப்பார்கள்.

தொழிற்சாலை மேனேஜர் தனபால் ஜாங்கிரி கொடுத்தனுப்பினார். நான் ஒன்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

மயிலாத்தாள் இரண்டு பஸ் மாறி ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். கூட மகள் மேகலா. பத்தொன்பது வயது, உரித்து வைத்த மாதிரி அம்மா முகம். மாடிப்படி ஏறிய பிறகு மயிலாத்தாள் பேசவே ஐந்து நிமிடம் ஆயிற்று.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். உடம்புக்கு முடியாமல் வேலையிலிருந்து நிற்கிறவர் தன் இடத்தை வீட்டில் ஒருவருக்குக் கொடுக்கலாம், ஒரே ஒரு தடவை. அந்தப் பிள்ளையும் நின்றுவிட்டால் இடம் போனது போனதுதான். மேகலாவைத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியிலும் கூப்பிட்டிருக்கிறார்கள். போக வர மூன்று மணி நேரம். தொழிற்சாலை என்றால் வீட்டிலிருந்து நடை தூரம்.

"ஏனுங் மேடம், நீங்களே எண்ணிப் பாத்தவங்க. எனக்கு மூச்சு நெம்ப வாங்குதுங்க. இவள எம்பட எடத்துல உடலாமுங்களா? இல்ல திருப்பூருக்கே போகட்டுமுங்களா? நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

அளந்த எண்ணை மட்டும் சொல், பயமில்லை என்று ஒருபோதும் சொல்லாதே. பயிற்சியில் இதுதான் முதல் பாடம். நானே நான்கு வருடம் புதியவர்களுக்கு நடத்தியிருக்கிறேன்.

"வரம்புக்குள்ளதான் இருக்குக்கா. பயப்பட வேண்டாம், அனுப்புங்க" என்றேன்.

இரண்டு பஸ் மாறி வந்தவரிடம் வேறு என்ன சொல்வது? அவர் மூச்சு வாங்குவது பழைய தூசியால். அப்போதெல்லாம் ஷெட்டில் ஜன்னலே கிடையாதாம், இப்போது இருக்கிறது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 16, திங்கள்

முடிவுகளைப் பெண்களுக்கு விளக்கத் தொழிற்சாலைக்குப் போனேன். மேகலாவுக்கு இன்று வேலையில் முதல் நாள். மயிலாத்தாள் கேட் வரை வந்து விட்டுவிட்டு அங்கேயே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க மெசினுக்கு ஒரு கொறையும் வரலீங்களே மேடம்?"

"இல்லக்கா, எல்லாம் பத்திரமா இருக்கு."

"இல்லாமெ? நாங்கெல்லாம் ஒட்டுக்காப் பேசி வெச்சுக்கிட்டமுங்க. பஞ்சு கொட்டறப்பவும் கார்டு சீவறப்பவும் முந்தானைய அந்த டப்பி மேல போட்டு இறுக்கிப் புடிச்சுக்குவம். தூசி உள்ள போச்சுன்னா மெசின் கெட்டுப்போயிருமில்லீங்களா? நீங்கதான் அழுக்காகக் கூடாதுன்னீங்களே. எம்பட மூக்கக்கூட நான் அப்பிடி மூடுனதில்லீங்க."

சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். அன்று கட்டியிருந்த அதே நீலப் புடவை.

கூட்டத்தில் என்ன பேசினேன் என்று நினைவில்லை. அழுக்காகக் கூடாது என்று நான் சொல்லியிருக்க மாட்டேன். தட்டக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, அவ்வளவுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

தலைவலி. விடுப்பு.

மார்ச் 18, புதன்

இந்த நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

பிறகு தாள்களை எடுத்து மறுபடி பார்த்தேன். எண்ணுவதற்கு அல்ல, எண்ணாமல் தள்ளியதைப் பார்க்க. மயிலாத்தாளின் தாளில் நீலம். இன்னொன்றில் தக்காளிச் சிவப்பு, இன்னொன்றில் பச்சை. எல்லாம் புடவை நூல். தூசி கொட்டுகிற நேரமெல்லாம் பம்பு முந்தானை வழியாகத்தான் மூச்சு விட்டிருக்கிறது. தூசி இல்லாத நேரத்துக் காற்றை மட்டும் நான் பிசகில்லாமல் இரண்டு தரம் எண்ணி, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மேகலா ஷெட்டுக்குப் போய் இன்றோடு மூன்று நாள்.

மார்ச் 19, வியாழன்

டாக்டரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"நீங்க முந்தானையைப் பாத்தீங்களா கிருபா?"

"பாத்தேன் சார். கூச்சம்னு நினைச்சேன்."

"நூலைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவர் தனபாலுக்குப் போன் போட்டார், இன்னொரு தரம் அளக்க வேண்டும் என்றார். மனுஷன் தாராளமாகச் சம்மதித்தார். முதல் எண்ணில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஆனால் ஒரே ஒரு நாள்தான், 24-ம் தேதி. அதற்கு மேல் உற்பத்தி கெடுமாம்.

மேகலாவை உடனே நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அளக்கறதுக்கு முன்னாடி யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க. பயந்து வேலையை மாத்திக்கிட்டா அந்த அளவும் செல்லாது. எண் கையில வரட்டும், அப்புறம் உரக்கச் சொல்லலாம்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 21, சனி

துணி துவைத்தேன். ரேஷன் வாங்கினேன். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று அவர்கள் ஊர்ப் பஸ்ஸில் ஏறிவிட்டேன், பாதியில் இறங்கித் திரும்பினேன். பார்த்தால் சொல்லிவிடுவேன். இன்றோடு ஆறு நாள்.

மார்ச் 24, செவ்வாய்

ஆறு பேருக்குக் கட்டினேன். மேகலா கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். அம்மா கட்டிய பம்பு என்று பெருமை.

"அம்மா சொல்லியுட்டாங்க மேடம், துப்பட்டாவப் போட்டு மூடிக்கச் சொல்லி."

"மூடாத கண்ணு. தூசி நல்லாப் படட்டும்."

"மெசின் கெட்டுப் போயிராதுங்களா?"

"போகாது. தூசியைப் பிடிக்கத்தான் அது. நான்தான் அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன்."

நான்கு மணி நேரம் ஷெட்டிலேயே நின்றேன். முதல் தடவை அளந்தபடியே நான்கு மணி நேரம், அதே வேகம், அப்போதுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேச முடியும். யார் கையாவது துணிக்குப் போனால் "எடுங்க, எடுங்க" என்று கத்தினேன். மேகலா கார்டிங் மெஷினிலிருந்து பொதி பொதியாக உருவி எடுத்துத் தொட்டியில் கொட்டினாள். கொட்டும்போது அவள் முகம் தெரியவில்லை. புருவத்தில் வெள்ளை படிந்து கிழவி மாதிரி ஆகிவிட்டாள்.

நான் முகமூடி போட்டிருந்தேன். டீ நேரத்தில் அதைப் பார்த்து, "எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு இருக்குங்களா மேடம்?" என்று கேட்டாள். பையில் நான்கு இருந்தன. அளக்கும் நாள் வழக்கமான நாளாகவே இருக்க வேண்டும் என்பது விதி.

"அப்புறம் தரேன்" என்றேன்.

சாயங்காலம் கழற்றும்போது கொடுத்தேன். மூக்கில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள்.

மார்ச் 26, வியாழன்

எண்ண முடியவில்லை.

மேகலாவின் தாளை வைத்துக் கண்ணைப் பொருத்தினேன். வைக்கோற்போர். இழைக்கு மேல் இழை, அதற்கு மேல் மண். ஒன்று எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பிரிக்கவே வழியில்லை. நூறு இடத்தில் பார்த்தேன், நூறும் அப்படித்தான். ஆறு தாளும் அப்படித்தான். இவ்வளவு அடைந்த தாளை எண்ணக் கூடாது, 'அளவு மீறிய படிவு, நிராகரிக்கப்பட்டது' என்று எழுத வேண்டும். எழுதினேன். ஆறு தரம் எழுதினேன்.

இந்தத் தூசிக்கு அரை மணிக்கு ஒரு தாள் மாற்றியிருக்க வேண்டும். பயிற்சியில் சேர்ந்து ஆறு மாதமான பெண்ணுக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். முதல் தடவை நான்கு மணி நேரம் தாங்கியதே என்று அதையே செய்தேன். முதல் தடவை தாங்கியது முந்தானையால் என்று தெரிந்த பிறகும் செய்தேன். நான் எதற்குத்தான் லாயக்கு?

தனபாலிடம் டாக்டர் கெஞ்சாத குறை. "ஒரு நாள்னு சொன்னோம், குடுத்தோம். நம்பர் வரலீன்னா நான் என்ன சார் பண்ணட்டும்?" என்று வைத்துவிட்டார். முதல் அளவு தவறு என்று டாக்டர் குழுவுக்குக் கடிதம் எழுதுகிறார். சரியானது எது என்று கேட்டால் கொடுக்க எங்களிடம் எண் இல்லை.

பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 28, சனி

மேகலாவின் தாளின் சான்றுப் பாதி இருந்த டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். புதிய தாள் ஒன்றையும் பாதியாக வெட்டி இன்னொரு டப்பாவில் வைத்துக்கொண்டேன். ஆய்வகத்திலிருந்து சான்றை வெளியே கொண்டு போகக் கூடாது. தெரியும்.

மதியம் இரண்டு மணி. மேகலாவுக்கு அரை நாள் வேலை, வந்து தலைக்குக் குளித்திருந்தாள். மயிலாத்தாள் கட்டிலில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார், படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். எல்லாவற்றையும் சொன்னேன். முந்தானையை, நூலை, வைக்கோற்போரை. நான் அன்று சொன்ன வார்த்தை தப்பு என்றேன்.

மயிலாத்தாள் தலையணையிலிருந்து நிமிர்ந்தார்.

"அப்ப இப்ப எத்தனைங்க மேடம்?"

"எண்ண முடியலக்கா."

"எண்ண முடியலீன்னா? அன்னிக்குப் புள்ளி மூணுன்னீங்க. நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்குது. இன்னிக்கு நெம்பரே இல்லீங்கறீங்க. இதுல எதுங்க நெசம்? உங்க வார்த்தயக் கேட்டுத்தான நான் எழுதிக் குடுத்துட்டு நின்னேன்?"

இரண்டு டப்பாவையும் எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"இது புதுத் தாள். இது செவ்வாய்க்கிழமை மேகலா போட்டிருந்தது. மூடியைத் திறக்காதீங்கக்கா, ஒட்டியிருக்கேன்."

ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். ஒன்று வெள்ளை. மற்றது ரொட்டியில் பூஞ்சை பிடித்த மாதிரி சாம்பலாக, கம்பளியாக ஏறியிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எத்தன நாளுத் தூசிங்க?"

"நாலு மணி நேரம்."

"நாலு நாளுங்களா?"

"நாலு மணி நேரம்க்கா. காலையில எட்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும். இந்தப் பம்பு இழுக்கறதும் ரொம்பக் கம்மி. நம்ம மூக்கு இதைவிடப் பத்து மடங்கு இழுக்கும்."

மேகலா எட்டிப் பார்த்தாள், தலையில் சுற்றிய துண்டோடு. மயிலாத்தாள் டப்பாவை மடியில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"நான் இருவத்திரெண்டு வருசம் போனனுங்க" என்றார்.

அழவில்லை. நான்தான் அழுதேன். பிறகு மகளிடம் திரும்பினார்.

"அம்மிணி, திங்கக்கெழம போவேண்டாம்."

"எடம் போயிருமேம்மா."

"போச்சாது, உடு."

கிளம்பும்போது டப்பாவுக்குக் கை நீட்டினேன். புதுத் தாளை மட்டும் கொடுத்தார். "இது இங்கியே இருக்கட்டுமுங்க" என்றார். பதினோரு வருடத்தில் ஒரு சான்றைக்கூட நான் தொலைத்ததில்லை. விட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 31, செவ்வாய்

குழு கூடியது. டாக்டர் அரை மணி நேரம் வாதாடினார். "முதல் எண் தவறுன்னா சரியான எண்ணைக் குடுங்க" என்றார்களாம். நிராகரிக்கப்பட்டது என்று எழுதிய ஆறு படிவத்தைக் காட்டினார். அவை எண் அல்ல. 0.3 நிற்கிறது. தூசி உறிஞ்சும் ஏற்பாடு இப்போதைக்குத் தேவையில்லை. மேகலா நின்ற இடத்தில் நேற்றே புதிதாக ஒரு பெண்ணைப் போட்டுவிட்டார்கள்.

சான்றுப் பாதி எங்கே என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். எழுத்தில் கொடுக்கச் சொன்னார், விசாரணை வரும் என்றார். எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கி மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மூடி நல்லா ஒட்டியிருக்கில்ல?" என்று மட்டும் கேட்டார்.

ஐந்து மணிக்கு மேகலா போன் செய்தாள்.

"மேடம், அம்மாகிட்டக் கொஞ்சம் சொல்லுங்க. அந்த டப்பாவ மடியில கட்டிக்கிட்டு ஷெட்டுல வேல செய்யறவங்க ஊடு ஊடாப் போய்க் காட்டறாங்க. பத்தடி வெச்சா நின்னு மூச்சு வாங்கோணும், மறுக்காப் பத்தடி. நான் கொண்டு போறேன்னாலும் கைல குடுக்க மாட்டேங்கறாங்க. நேத்தும் இன்னிக்கும் சேத்து மூணு ஊடுதானுங்க ஆச்சு."

புதிதாக வந்த பெண்ணையும் சேர்த்தால் பதினான்கு வீடு. இன்னும் பதினொன்று இருக்கிறது. நாளைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன், முதல் பஸ் ஆறே காலுக்கு.